மொட்டை மாடியில் பாலன் பிறப்பு நாடகம்: மேடையும் உடுப்பும் வீட்டிலேயே செய்வது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி வீட்டு மொட்டை மாடியில் ஒவ்வொரு டிசம்பர் 24 சாயங்காலமும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்காக இயேசு பிறந்த கதையை நாடகமாகப் போடுவார்கள். 3 வயதிலிருந்து 14 வயது வரை 11 பேர் நடிப்பார்கள். மற்றவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். அப்புறம் சாப்பாடு, கொஞ்ச நேரத் தூக்கம், விடியற்காலை ஆராதனை. மேடையும் உடுப்பும் ஏழெட்டு வருஷமாக என் பொறுப்பு.

2023-இல் மட்டும் நாடகம் நடக்கவில்லை. டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை தாண்டி வந்துவிட்டது. மாற்றுத் துணிகூட இல்லாமல் நின்றவர்களுக்குக் கொடுக்க, நாடக டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள் ஆச்சி. மேய்ப்பர்களின் கம்பளி, துண்டு, யோசேப்பின் வேட்டி, மரியாளின் தாவணி எல்லாம் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டன. பெட்டியின் அடியில் மிஞ்சியது காகிதக் கிரீடங்களும் ஒரு ஜோடி சிறகும்தான். நாடகத்துக்கென்றே வெட்டி ஒட்டியது எதுவும் யாருக்கும் உதவவில்லை. 2024-இல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தபோது ஒன்று முடிவு செய்துகொண்டேன்: மேடைக்குப் போகும் பொருள் மறுநாளே வீட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அப்படிச் செய்தவைதான்.

திரை

8 அடி உயரத்தில் இரண்டு சவுக்குக் கம்பு. காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் அவற்றை நட்டு, ஜல்லியும் மணலும் கெட்டியாக நிரப்புங்கள். மேலே குறுக்காக ஒரு மூங்கில். கயிறு கட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், மூங்கில்தான் சரி. அதில் கருநீலப் பருத்திப் படுக்கை விரிப்புகள் இரண்டைத் தொங்கவிட வேண்டும். கறுப்பு வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு வெறும் இருட்டாகத் தெரியும், கருநீலம்தான் இரவு வானமாகத் தெரியும். இரண்டு விரிப்பும் சேரும் இடத்துக்கு முன்னால் குடிலை வைத்துவிட்டால் இணைப்பு மறைந்துவிடும்.

நட்சத்திரங்களை வெட்டி ஒட்டத் தேவையில்லை. எல்இடி சீரியல் லைட்டைத் திரைக்குப் பின்னால், துணியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி நூலால் கட்டுங்கள். பல்பு தெரியாது, வெளிச்சப் புள்ளி மட்டும் தெரியும். துணியில் ஓட்டை போடவும் வேண்டாம்.

குடில்

அதே சவுக்குக் கம்பில் 6 அடி அகலம், 5 அடி உயரத்துக்குச் சட்டம் கட்டி, மேலே இரண்டு தென்னங்கீற்று போடுங்கள். பனை ஓலை கிடைத்தால் இன்னும் நல்லது, நிறம் சீக்கிரம் மங்காது. தெர்மோகோலில் செங்கல் சுவர், பனிமலை என்று இறங்காதீர்கள். அது தீயை இழுக்கும், அடுத்த நாள் குப்பைக்குத்தான் போகும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி பாலன் பிறப்புக் காட்சியை அமைத்தபோது அவரிடம் இருந்தவை வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். நமக்கும் அது போதும்.

முன்னணைக்கு, அதாவது பாலனைக் கிடத்தும் மாட்டுத் தீவனத் தொட்டிக்கு, மரத் தக்காளிப் பெட்டி. வைக்கோலை இரண்டு நாள் முன்பே நல்ல வெயிலில் உலர்த்தி, உதறிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் வசனத்துக்கு நடுவில் தும்மல் வரும். வைக்கோலுக்கு அடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு பேட்டரி டார்ச்சை மேல் நோக்கி வையுங்கள். மரியாளாக நடிக்கும் பிள்ளை குனிந்து பார்க்கும்போது அந்த வெளிச்சம் முகத்தில் விழும். எங்கள் சித்தி மகள் பொம்மையை எடுக்காமல் சும்மா குனிந்து பார்த்தபடியே இருந்தாள். மாடி முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. மெழுகுவர்த்தி எங்குமே வேண்டாம். வைக்கோல், கீற்று, பருத்தி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

உடுப்பு

மேய்ப்பர்கள்: கைலி, முழுக்கை பனியன், தோளில் கறுப்புக் கம்பளி, தலையில் துண்டு. கம்பளி பிள்ளைகளின் தோலில் அரிக்கும், ஆகவே பனியன் கட்டாயம். கோலுக்குப் பிளாஸ்டிக் குழாயை வளைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்கள் கொப்பு வளைக்க வைத்திருக்கும் தொரட்டிக் கம்பு அச்சு அசலாக மேய்ப்பன் கோல்தான். நுனியில் இருக்கும் அரிவாளைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

ஆடுகள்: பஞ்சு உருண்டை ஒட்டும் வழக்கத்தை விட்டுவிட்டேன். உதிரும், விளக்குக்குப் பக்கத்தில் ஆபத்து. அது நம் ஊர் ஆடு மாதிரியும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டை ரோமம் கிடையாது, வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், தொங்கும் காது. பழைய வெள்ளை பனியனில் செங்காவியைக் கரைத்துக் கையால் திட்டுத் திட்டாகப் பூசிக் காயவைத்தால் வேம்பூர் ஆடு வந்துவிடும். காதுக்குப் பழுப்பு நிற சாக்ஸ் இரண்டை ஹேர்பேண்டில் ஊக்கால் குத்துங்கள். பூசும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடமே விடலாம்.

மரியாள்: நீளப் பாவாடை, நீலத் தாவணி. தாவணியைத் தலையில் போட்டு, காதுக்குப் பக்கத்தில் இரண்டு ஹேர்பின். இதை விட்டால் குனியும்போது முக்காடு முகத்தை மூடிவிடும்.

சாஸ்திரிகள் (பாலனுக்குக் காணிக்கை கொண்டுவந்த கிழக்கத்திய ஞானிகள்): வீட்டு பீரோவில் பார்த்தால் விழாக்களில் போர்த்திய பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். அவற்றைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பொன்னாடையைத் தோளில் சேர்த்து ஊக்குப் போட்டால் அங்கி. ஒன்றைச் சுற்றினால் தலைப்பாகை. தலைப்பாகையை முதல் நாளே அதே பிள்ளையின் தலையில் கட்டி, இரண்டு இடத்தில் தையல் போட்டு, அப்படியே கழற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளலாம். நாடகம் முடிந்ததும் தையலைப் பிரித்தால் பொன்னாடை பழையபடி பொன்னாடை. பட்டுச் சேலையைத் தொடவேண்டாம், ஊக்கு இழையை இழுத்துவிடும்.

கிரீடத்தை நான் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. 2022-இல் சிவப்பு கிரேப் காகிதம் சுற்றிய கிரீடம் செய்தேன். மார்கழிப் பனி இறங்கியதும் சாயம் கரைந்து பிள்ளையின் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வழிந்தது. அவன் அழுதுகொண்டே காணிக்கை வைத்தான். திறந்தவெளியில் கிரேப் காகிதம் வேண்டவே வேண்டாம். மேலும், பைபிளில் மத்தேயு இவர்களை ராஜாக்கள் என்று சொல்லவில்லை, எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் மூன்று பேர் என்று வழக்கமாகிவிட்டது. ஐந்து பிள்ளைகள் சாஸ்திரியாக வேண்டும் என்று நின்றால் தாராளமாக ஐந்து பேரையும் விடுங்கள்.

தேவதூதர்களின் அங்கி: ஓரம் கிழிந்த பழைய 4 முழ வேட்டி. நீளம் சரிபாதியாகும்படி மடித்தால் மடிப்பு தோளுக்கு வரும். மடிப்பின் நடுவில் குறுக்காக 8 அங்குலம் வெட்டி, முதுகுப் பக்கம் அதிலிருந்து கீழே 4 அங்குலம் நேராக வெட்டினால் தலை நுழையும். இரு பக்கமும் ஓரத்திலிருந்து 10 அங்குலம் உள்ளே தள்ளி, கீழிருந்து அக்குள் வரை நீளத் தையல் போடுங்கள். வேட்டிக் கரை தானாகவே கைமுனைக்கு வந்து நிற்கும். சரிகைக் கரை என்றால் அலங்காரமே வேண்டாம். 7, 8 வயதுப் பிள்ளைக்குக் கணுக்கால் வரை சரியாக இருக்கும்.

சிறகு (இங்கேதான் நான் இரண்டு வருஷம் தோற்றேன்)

முதல் வருஷம் டிவி வந்த அட்டைப் பெட்டியில் வரைந்து வெட்டினேன். அழகாக இருந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டு சிறகும் வாடிய வாழை இலை மாதிரி தொங்கிவிட்டன. அட்டையை ஓரத்தில் பாருங்கள், இரண்டு தாளுக்கு நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். அந்த நெளிவு ஓடும் கோட்டிலேயே மடக்கினால் சட்டென்று மடங்கும், கோட்டுக்குக் குறுக்கே மடக்கினால் எதிர்த்து நிற்கும். நான் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டியிருந்தேன், அதனால்தான் தோளருகே மடிந்துவிட்டது. கோடுகள் முதுகிலிருந்து சிறகு நுனியை நோக்கி ஓட வேண்டும். வரைவதற்கு முன்பே பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

நுனிக்கு நுனி 26 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் மாடிப்படிக் கதவு 30 அங்குலம். உங்கள் கதவை அளந்துவிட்டு வெட்டுங்கள்.

இறகுக்கு, மிச்சமான வேட்டித் துண்டுகளை இலை வடிவில் வெட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து, கீழ் வரிசையிலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஓடு வேய்கிற மாதிரி. காய்ந்ததும் அட்டை விறைப்பாகிவிடும், பனியும் சீக்கிரம் ஏறாது. மைதாப் பசை போட்டால் கரப்பான் பூச்சி வரும். கிளூ கன்னைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் எடுப்பதே இல்லை.

இரண்டாம் வருஷம் சிறகு விறைப்பாக நின்றது, ஆனால் தோளில் நிற்கவில்லை. எலாஸ்டிக் நாடாவில் இரண்டு வளையம் போட்டு மாட்டியிருந்தேன். "பயப்படாதிருங்கள்" என்று சொல்லிக் கையைத் தூக்கியதும் இரண்டு நாடாவும் தோளிலிருந்து நழுவி, சிறகு முழங்கைக்கு வந்துவிட்டது. அக்கா மகள் அப்படியே கையைத் தூக்கியபடி கடைசி வரை நின்றாள்.

தீர்வு பரணில் கிடந்த கிழிந்த ஸ்கூல் பேக். பையை வெட்டி எறிந்துவிட்டு, முதுகில் படும் மெத்தைப் பகுதியையும் இரண்டு தோள்பட்டையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிறகின் நடுவை அந்த மெத்தையோடு சேர்த்து, கோணி ஊசியும் சணலும் கொண்டு நான்கு இடத்தில் கட்டுங்கள். அட்டைப் பக்கம் ஒவ்வொரு முடிச்சுக்கு அடியிலும் ஒரு சட்டைப் பொத்தான் வையுங்கள். பொத்தான் இல்லாவிட்டால் சணல் அட்டையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். கடைசியாக, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு பட்டையையும் இணைக்க ஒரு நாடாவும் கொக்கியும். இந்தக் குறுக்கு நாடாதான் சிறகைக் காப்பாற்றுகிறது, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கிக்கு மேலே மாட்டி, பட்டை தெரியாமல் வெள்ளைத் துணி சுற்றிவிடலாம். மறுநாளே வீட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொன்ன விதிக்கு இந்த அட்டை ஒன்றுதான் விலக்கு.

விளக்கும் ஒயரும்

மாடித் தரை பனியில் ஈரமாகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மேலே பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துவிடுங்கள். ஒயர் பிள்ளைகள் நடக்கும் பக்கம் வரக்கூடாது. கரண்ட் போனாலும் முன்னணை டார்ச் எரியும், அதற்காகவும்தான் பேட்டரி.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர் சென்னையிலிருந்து எழுதியிருந்தார். கடற்காற்றில் திரை பாய்மரம் மாதிரி உப்பி, கம்போடு சாய்ந்துவிட்டதாம். நம் மாடியில் அவ்வளவு காற்று இல்லாததால் எனக்குத் தோன்றவில்லை. காற்று உள்ள இடத்தில் திரையின் கீழ் ஓரத்தை இறுகக் கட்டாதீர்கள். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, அதை இடையில் போட்டுக் கட்டினால் காற்று அடிக்கும்போது திரை கொஞ்சம் இளகிக் கொடுக்கும். வாளிகளுக்குப் பின்பக்கம் ஒரு முட்டும் கொடுங்கள்.

நகரத்தில் வைக்கோல் கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சணல் சாக்கைப் பிரித்து நாராக்கிப் போடலாம்.

செங்காவி பனியனிலிருந்து போகவில்லை என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். முழுக்கப் போகாது. அதனால்தான் பழைய பனியன் என்றேன். எங்கள் வீட்டில் அவை இப்போது வண்டி துடைக்கப் போய்விட்டன.

இன்னொன்று, ஊக்கு. நான் 40 எண்ணிக் கொடுப்பேன். உடுப்பைக் கழற்றும்போது 40 ஊக்கும் டப்பாவுக்குத் திரும்பிய பிறகுதான் யாரையும் மாடியிலிருந்து கீழே அனுப்புவேன். பாயைச் சுருட்டுவதற்கு முன் ஒருமுறை டார்ச் அடித்துத் தரையைப் பாருங்கள். காலையில் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் அங்கே ஓடுவார்கள்.