நீச்சல் தெரிந்த பிள்ளை கிணற்றில் மயங்கினால்

கோடை விடுமுறை வந்தால் ஓமலூர், வாழப்பாடி பக்கத்துக் கிணறுகளில் பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருப்பார்கள். நன்றாக நீச்சல் தெரிந்த பையன் ஒருவன் எப்போதாவது நடுக்கிணற்றில் அசைவற்றுப் போவான். கரையேற்றினால் கை கால் வெட்டி இழுக்கும், யாராவது கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், அப்புறம் தானே தெளிவான். முனி அடித்துவிட்டது என்பார் ஒருவர், வலிப்பு என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறாக இருக்கலாம். இதயத்தின் மின்னோட்டத்தில் உள்ள பிறவிக் கோளாறும் இப்படித்தான் வெளிப்படும்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயச் செல்லுக்குள் சோடியம் பாய்கிறது, கால்சியம் தொடர்கிறது. கடைசியில் பொட்டாசியம் வெளியேறி, செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. நீந்தும்போது அட்ரினலின் ஏறி இதயம் வேகமெடுக்கும். பொட்டாசியமும் அதற்கேற்ப விரைவாக வெளியேற வேண்டும். அந்த வழியை அமைக்கும் மரபணுக்களில் ஒன்று கே.சி.என்.க்யூ.1. அதில் பிழை இருந்தால் செல் தயாராகும் முன்பே அடுத்த துடிப்பு வந்து விழும். கீழறைகள் தாறுமாறாக அடிக்கும், மூளைக்கு ரத்தம் போகாது. வெட்டி இழுப்பது அதனால்தான். கீழறைகள் துடித்து மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி என்பார்கள். அது நீண்டுபோகும் 'நீண்ட க்யூடி' நோயின் முதல் வகை இது. இரண்டாம் வகைக்கு அலாரம் போன்ற திடீர்ச் சத்தம் போதும். மூன்றாம் வகை பெரும்பாலும் ஓய்விலும் தூக்கத்திலும் தாக்கும்.

ஆகவே எந்த நேரத்தில் மயங்கினான் என்பதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. 'ஃபிட்ஸ் வந்தது' என்று மட்டும் சொன்னால் தலைக்கு ஸ்கேன் எடுப்பதோடு முடிந்துவிடலாம். நீந்தும்போதா, ஓடும்போதா, பயந்தபோதா என்று சொல்லுங்கள், ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஈசிஜி சரியாக இருந்தால் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். ஆர்.ஒய்.ஆர்.2 என்ற வேறொரு மரபணுவின் பிழையால் வரும் இதயக் கோளாறில் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சுத்தமாக இருக்கும், டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் பிடிபடும்.

'அப்பன் கல்லு மாதிரி இருக்கிறானே, பரம்பரை நோய் எப்படி?' என்று கேட்பவர்கள் நிறைய. பிழையான மரபணு இருந்தும் வாழ்நாள் முழுக்க அறிகுறியே இல்லாதவர்கள் உண்டு. அவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, அது போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு. ஆகவே அண்ணன் தங்கைக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும்.

நம் ஊரில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக மரபணுக்களில் கால் பங்கு பொது. இருவரிடமும் ஒரே கே.சி.என்.க்யூ.1 பிழை இருந்தால், குழந்தைக்கு அது இரண்டு பக்கத்திலிருந்தும் சேர 25 சதவீத வாய்ப்பு. அப்படிச் சேர்ந்தால் பெரும்பாலும் பிறவியிலேயே காது கேட்காது, கூடவே கடுமையான நீண்ட க்யூடியும் இருக்கும். உட்காதின் திரவத்துக்குப் பொட்டாசியம் போவதும் இதே வழியாகத்தான். 1957-ல் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் நார்வேக் குடும்பம் ஒன்றில் இதை விவரித்தார்கள். காது கேட்காத குழந்தை மயங்கி விழுந்தால், காதுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு இருக்கக் கூடாது.

நோய் உறுதியானவர்கள் மருந்துக்கடையில் தாமாக அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வாந்திக்கான ஆண்டன்செட்ரான், டாம்பெரிடோன் வாங்கிப் போடக் கூடாது. மூன்றுமே க்யூடியை இன்னும் நீட்டக்கூடியவை. மயக்கம் நின்றுவிட்டதே என்று, அட்ரினலினின் வேகத்தை அடக்க டாக்டர் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம். மயக்கம் நின்றதே அந்த மாத்திரையால்தான்.

கடைசியாக, அந்தச் சாவிக்கொத்து. தாறுமாறான துடிப்பு பல சமயம் தானே அடங்கிவிடும், பெயர் என்னவோ கையில் திணித்த இரும்புக்குப் போய்விடும். அடங்காத நாளில் அதைத் தேடும் நேரத்தில் உயிர் போகும். கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், 108-க்கு ஒருவர் அழைக்கட்டும், இன்னொருவர் நடுமார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு, தெரிந்தவர்கள் வாயோடு வாய் மூச்சும் கொடுக்க வேண்டும். ஏற்காட்டில் என்றால் ஆம்புலன்ஸ் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டியிருக்கலாம். அதுவரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள், கை சோர்ந்தால் ஆள் மாறுங்கள்.