எக்ஸ்டென்ஷனில் ப்ராஜெக்ட் ஃபைல்களைத் தேடுவது: என் அனுபவம்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்காக, காரைக்குடியில் இருந்தபடி விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன ப்ரோக்ராம்) எழுதினேன். ஒவ்வொரு பூ டிசைனுக்கும் ஒரு ஜேசான் ஃபைல் (விவரங்களை எழுதிவைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்), அதில் அச்சு நம்பர், அச்சின் எந்தக் கட்டத்தில் எந்த வண்ணச் சிமென்ட் ஊற்றுவது என்ற விவரம். அத்தனையையும் சைட்பாரில் காட்ட வேண்டும். என் மெஷினில் ஓடியது. பட்டறைக்கார அண்ணன் வெப்சைட் ஃபோல்டரையும் டிசைன் ஃபோல்டரையும் ஒரே விண்டோவில் திறந்தார், லிஸ்ட் காலி.

காரணம், திறந்திருக்கும் ஃபோல்டர் எங்கே என்று விஎஸ் கோடிடம் கேட்க நான் பயன்படுத்திய ரூட்பாத். பழைய உதாரணங்களில் அதைத்தான் பார்ப்பீர்கள், ஆனால் அது முதல் ஃபோல்டரை மட்டும்தான் தரும். ப்ரோக்ராம் எந்த ஃபோல்டரில் ஓடுகிறது என்று சொல்லும் ப்ராசஸ் சிடபிள்யூடி பக்கம் போகவே வேண்டாம், அது ப்ராஜெக்ட் இருக்கும் இடத்தைச் சொல்லும் என்று நம்ப முடியாது.

சரி என்று வொர்க்ஸ்பேஸ் ஃபைண்ட்ஃபைல்ஸ் ஃபங்ஷனுக்கு மாற்றினேன், திறந்திருக்கும் எல்லா ஃபோல்டரிலும் தேடிவிடும். அப்புறம் பார்த்தால் வெப்சைட்டின் நோட் மாட்யூல்ஸில் (வெளி லைப்ரரிகள் இறங்கும் ஃபோல்டர்) கிடக்கும் ஜேசான் எல்லாம் லிஸ்டில் வந்து குவிகிறது. இங்கே எதைத் தவிர்ப்பது என்று சொல்லும் இரண்டாவது ஆர்குமென்ட்தான் முக்கியம்: அன்டிஃபைன்ட் (மதிப்பு எதுவும் தராத நிலை) கொடுத்தால் ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூட் செட்டிங்கில் உள்ளதை மட்டும் தவிர்க்கும், நோட் மாட்யூல்ஸ் வழக்கமாக இருக்கும் சர்ச் எக்ஸ்க்ளூட் செட்டிங்கைக் கண்டுகொள்ளாது; நல் கொடுத்தால் எதையுமே தவிர்க்காது. அதனால் நோட் மாட்யூல்ஸை ஒதுக்கும் பேட்டர்னை நானே கொடுத்தேன். டிசைன் ஃபோல்டரில் மட்டும் தேட ரிலேட்டிவ்பேட்டர்ன் போதும், எனக்கு அதுதான் பிடித்தது.

கிடைப்பது யூஆர்ஐ, அதாவது ஃபைலின் முகவரி. அந்த ஃபைலை விஎஸ் கோடே தரும் வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ் வழியாகவே படியுங்கள், ஃபைல் லோக்கல் டிஸ்கில் இல்லாவிட்டாலும் ஓடும். ஃபோல்டரே திறக்காதபோது, திறந்த ஃபோல்டர்களின் லிஸ்டான வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர்ஸ் அன்டிஃபைன்டாக இருக்கும், அதையும் முதலில் செக் செய்துவிடுங்கள்.