சேனல் யார் மெயிலில் இருக்கிறது?

இந்த ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் ரத வீதியில் இரண்டு பையன்கள் என்னிடம் வந்தார்கள். "அக்கா, உங்க சமையல் வீடியோ பார்ப்போம். நாங்களும் யூடியூப் சேனல் வச்சிருக்கோம்" என்று போனை நீட்டினார்கள். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். யார் ஜிமெயிலில் திறந்தது என்று கேட்டேன். "செல்போன் கடை அண்ணன் அவரு மெயில்லயே திறந்து தந்தாரு." அதற்குப் பிறகு எனக்குத் தேரில் மனசே போகவில்லை.

வெளிச்சம், மைக், தம்ப்நெயில் எல்லாம் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அடுத்தவர் மெயிலில் சேனல்

2018இல் எனக்கு மெயில் ஐடியே கிடையாது. கல்யாண வீடியோ எடுக்கும் தெரிந்த தம்பி ஒருவர், "நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்று தன் மெயிலில், தன் நம்பரில் திறந்தார். நான் சமைத்தேன், அவர் ஏற்றினார். முதலில் ஓடியது என் மாமியார் மாப்பிள்ளைச் சொதி வைத்த வீடியோதான். தேங்காய்ப் பாலைத் துணியில் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, கடைசியில் தலைப்பாலை ஊற்றுவார். கேமராப் பக்கம் திரும்பாமலே, "இதுக்கு மேல கொதிச்சா திரிஞ்சிரும் பிள்ள, எறக்கிரு" என்பார்.

விளம்பரக் காசு வருவதற்குத் தேவையான 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற கணக்கு அந்த ஒரு வீடியோவால் நிறைந்தது. அந்தக் காசைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கும் அவர் பெயரில்தான். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய வரும் பின் நம்பர் கடிதம் அவர் வீட்டுக்குப் போனது. 100 டாலர் சேர்ந்தால் வரும் பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போனது. இரண்டு மூன்று தடவை கொடுத்தார். அப்புறம் ஒருநாள் கணக்குக் கேட்டேன். அந்த வாரமே பாஸ்வேர்டு மாறிவிட்டது. சில மாதங்களில் சேனலின் பெயரும் மாறி, நாங்கள் எடுத்த 140 வீடியோக்களும் காணாமல் போயின.

எழுதி வாங்கிய காகிதம் எதுவும் என்னிடம் இல்லை. எந்தக் கூகுள் கணக்கில் சேனல் இருக்கிறதோ, அந்தக் கணக்குக்காரர் கையில்தான் எல்லாம். சமைத்தது யார் என்று அங்கே யாருக்குத் தெரியும்? பணம் போனால் போகட்டும். போனில் இடமில்லை என்று மூல வீடியோக்களை அவ்வப்போது அழித்துக்கொண்டே வந்திருந்தேன். 2021இல் அத்தை இறந்துபோனார். அவர் குரல் இப்போது எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. இதை எழுதும்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தயவுசெய்து உங்கள் மெயிலில், உங்கள் நம்பரை வைத்துத் திறங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் பேக்கப் எண்களைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எடிட் செய்ய ஆள் வேண்டுமா? பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதே இல்லை. யூடியூப் ஸ்டூடியோவில் செட்டிங்ஸுக்குள் பெர்மிஷன்ஸ் இருக்கிறது. அதில் அவரை 'எடிட்டர்' என்று சேர்த்தால் வீடியோவை ஏற்றலாம், திருத்தலாம். சேனலை அழிக்க முடியாது, ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. 'மேனேஜர்' என்று கொடுத்தால் ஆட்களையும் மாற்றலாம், அதனால் பார்த்துக் கொடுங்கள். சொந்தத் தம்பியாக இருந்தாலும் இப்படித்தான்.

அந்தப் பையன்களுக்கு அன்றைக்கே, மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, புது மெயில் திறந்து கொடுத்தேன். பழைய 600 சப்ஸ்கிரைபரை விட அவர்களுக்கு மனசில்லை. விடச் சொன்னேன்.

ஒரே ஆப்பில் குடியிருப்பது

2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மூல வீடியோவை ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.

காசு கொடுத்து சப்ஸ்கிரைபர் வாங்குவது

வேண்டாம்.

சினிமாப் பாட்டு

அடுத்தவர் பாட்டைப் போட்டால் உரிமைக்காரர் புகாரில் காப்பிரைட் ஸ்ட்ரைக் விழலாம். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். தேர் வீடியோவுக்கு நாதஸ்வரமும் கூட்டத்தின் சத்தமும் போதாதா?

ஆற்றில் ரீல்ஸ்

தாமிரபரணியில் கசம், அதாவது ஆழமான பள்ளம், எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள்.

கேட்காமல் எடுப்பது

அல்வாக் கடை வரிசையில் நிற்பவர், படித்துறையில் குளிப்பவர் என்று யார் முகத்தையும் கேட்காமல் எடுத்துப் போடுகிறார்கள். கமெண்ட்டில் வரும் கேலி எடுத்தவருக்கு இல்லை, வீடியோவில் இருக்கும் மனிதருக்குத்தான் போய்ச் சேர்கிறது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் அம்மா ஒருவரை அவர் சம்மதத்தோடுதான் எடுத்தேன். இருந்தாலும் போடுவதற்கு முன் முழுசையும் அவருக்கே ஓட்டிக் காட்டினேன். கூலியைப் பற்றி அவர் பேசிய இடம் வந்ததும், சாயம் ஏறிய விரலால் போனைத் தொட்டு, "இத மட்டும் எடுத்துரும்மா, பாய் வாங்குறவங்க கோவிச்சுக்கிடுவாங்க" என்றார். பலரும் ஷேர் செய்திருக்கக்கூடிய இடம் அதுதான். அங்கேயே உட்கார்ந்து வெட்டிவிட்டு, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினேன்.