அடையாறு பூங்கா: வற்றம் பார்த்துப் போங்கள்

சென்னையில் மெரினா, மயிலாப்பூர், தி. நகர் எல்லாம் முடிந்து ஒரு அரை நாள் மிஞ்சினால் அதைத் தொல்காப்பியப் பூங்காவுக்குக் கொடுக்கலாம். பழைய பெயர் அடையாறு பூங்கா. ஆட்டோக்காரர்கள் பலருக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம். சிக்கலும் அதில்தான். 'அடையாறு' என்று காதில் விழுந்ததுமே வண்டி பாலத்தைத் தாண்டி அடையாறு என்ற பகுதிக்குள் போய்விடும். பூங்கா இருப்பது அடையாற்றின் வடகரையில், ராஜா அண்ணாமலைபுரத்தில், டாக்டர் டி.ஜி.எஸ். தினகரன் சாலையில். 'எம்.ஜி.ஆர். ஜானகி கல்லூரிப் பக்கம்' என்று சொல்லி ஏறுங்கள். பறக்கும் ரயிலில் வருவோர் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

ஊஞ்சல், புல்தரை, பலூன் கடை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அடையாறு கடலில் சேரும் முன் பிரியும் உப்பங்கழிக் கிளை இது. பல ஆண்டுகளாகக் கட்டட இடிபாட்டையும் ஊர்க் குப்பையையும் கொட்டித் தூர்த்த இடம். முதல் கட்டமாக 58 ஏக்கரில் குப்பையை வாரி எடுத்து, கடல்நீர் வந்துபோக வழி வெட்டி, உள்ளூர் மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். 2025இல் புதுப்பித்து மீண்டும் திறந்திருக்கிறார்கள்.

நுழைவுதான் பலருக்கும் இடறும் இடம். உயிர்ச்சூழலைக் காக்க, தொடக்கத்திலிருந்தே இங்கே நாளும் நேரமும் வகுத்துத்தான் ஆளை விட்டிருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் போய் நின்றால் வாசலோடு திரும்ப நேரலாம். போவதற்கு ஒரு வாரம் முன்பே அனுமதி நேரத்தையும் முன்பதிவையும் உறுதிசெய்யுங்கள். இணையவழிப் பதிவுகளில் இந்தியக் கைபேசிக்கு ஓடிபி வரும்; வெளிநாட்டு அட்டையும் அடிக்கடி மறுக்கப்படும். உள்ளூர் உறவினர் எண்ணில் பதிவுசெய்து, சீட்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. யுபிஐ இல்லாதவர்கள் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கடல் வற்றத்தை, அதாவது கடல்நீர் இறங்கும் வேளையை, ஒட்டித் தேர்ந்தெடுங்கள். சென்னைத் துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கிளைக்குள் நீர் வடிவது கடலைவிடச் சற்றுப் பிந்தும். ஏற்றத்தில் வெறும் தண்ணீர். வற்றத்தில் சேறு தெரியும், அப்போதுதான் வேடிக்கை. ஒரு நண்டு வகை வளை வாசலில் நின்று கையசைக்கும்: ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது, மற்றது துணுக்கு. உங்கள் நிழல் விழுந்தால் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விடும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைத்தே கூட்டிப் போங்கள்.

ஈழத்தில் கண்டல் என்பதை இங்கே அலையாத்தி என்பார்கள். சேற்றிலிருந்து பென்சில் கணக்காக மேல்நோக்கிக் குத்திட்டு நிற்பவை அதன் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வெளியே நீட்டி மூச்சு வாங்குகிறது. சில வகைகளின் இலையில் உப்புப் பூத்திருக்கும், வெயிலில் மினுங்கும். ஆனால் எந்த இலையையும் கிள்ளிப் பார்க்காதீர்கள். உப்பங்கழிகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்து மணலை அடித்துக்கொண்டு போயிருக்கும். கடல் தாராளமாக உள்ளே வந்துபோகும். கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். அப்புறம் ஆற்றோடு வரும் சாக்கடை தேங்கி நாறும். அது பூங்காவின் குறை அல்ல என்றாலும் மூக்குக்கு அந்த நியாயம் தெரியாது! மே, ஜூனில் வருவோர் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜனவரியிலும் காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். கடற்கரைக் கூட்டத்தில் அந்தப் பக்கச் சாலைகள் எல்லாம் திணறும்.

நடைபாதை 3 கிலோமீட்டருக்கு மேல். முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, கொசு விரட்டி களிம்பு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் போதும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கும் கோப்பைக்கும் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை, எடுத்து வரவேண்டாம்.

அனுமதி கிடைக்காமல் போனால் அந்த நாளை வீணாக்க வேண்டாம். திரு.வி.க. பாலத்தின் நடைமேடையில் கிழக்கே பார்த்து நின்றால் கழிமுகம் முழுதும் தெரியும்; வற்றத்தில் கொக்கும் நீர்க்காகமும் திட்டுகளில் உட்கார்ந்திருக்கும். பைனாகுலர் இருந்தால் இங்கே எடுங்கள், ஆனால் வண்டிகள் உரசிக்கொண்டு போகும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பாலத்தின் தென்முனையிலேயே தியோசபிகல் சொசைட்டி வளாகம், உள்ளே பெரிய ஆலமரம். அதன் தாய்த்தண்டு 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது; இப்போது நிற்பது விழுதுகள். அங்கேயும் பார்வை நேரம் குறுகியது, ஞாயிறு விடுமுறை.