நம்ம குளத்துல விரால் புடிக்கது எப்படி

விரால் புடிக்கணும்னா மொத அது எங்க கெடக்குனு பாக்கணும், தூண்டில் பொறவுதான். இந்த மீன் செவுள மட்டும் நம்பி இருக்காது, மேல வந்து காத்து குடிச்சிட்டுப் போகும், அதனால காலைல வெயில் ஏறுமுன்ன கரையில சத்தங்காட்டாம ஒரு பத்து நிமிசம் நின்னாலே அல்லி இலை, தாமரை, சம்பு ஓரத்துல 'பொளக்'னு ஒரு சத்தம் கேக்கும், அந்த எடந்தான். ஐப்பசி கார்த்திகை மழைல குளம் பெருகிக் கெடக்கும்போது மீன் பரந்து போயிரும், தண்ணி வத்துனா ஒதுங்கும், அப்பதான் லேசு.

ஏழடி ராடு, கொஞ்சம் தடிச்சது, 40 பவுண்டு இழுவ தாங்குற பிரெய்டு நூல் (பின்னுன நூல்), தூண்டில் முள்ளு வச்ச ரப்பர் தவளை. சாதா நைலான் நரம்பு போட்டா செடில சுத்தி அத்துட்டுப் போயிரும், நான் ரெண்டு தவளை தொலச்சாச்சு. மீன் இருக்க எடத்த தாண்டி வீசி, இலை மேல மெதுவா இழுத்து, சந்து வந்ததும் நிறுத்துங்க. தவளைய மீன் அடிச்ச உடனே சுண்டாதீங்க! ஒண்ணு ரெண்டுனு எண்ணி, நூல் விறைச்ச பொறவு ஓங்கி இழுக்கணும்.

செக்கச்செவேல்னு குஞ்சு கூட்டமா மேல வந்தா அடில பெரிய மீன் காவல் நிக்கும், அத விட்டுருங்க.

குளம் குத்தகைனா கேட்டுட்டு எறங்குங்க. தாமிரபரணினா பாபநாசத்துக்கு மேல புலிகள் காப்பகம், அங்கன போவாதீங்க. அணைல தண்ணி தெறந்தா ஆத்துல சட்டுனு ஏறும், நடுப்பாறைல நிக்காதீங்க.