ஒரே பெயரில் இரண்டு குக்கீ

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து நின்றான். "அண்ணா, லாகின் பண்ணா திரும்ப லாகின் பக்கத்துக்கே வருதுண்ணா." திரையைப் பார்க்காமலே கேட்டேன்: "குக்கீயில டொமைன் போட்டியா?" போட்டிருந்தான். ஆறு வருடத்துக்கு முன் நானும் போட்டேன்.

தளம் ஒன்று பிரவுசரில் சேமித்துவைத்து, ஒவ்வொரு முறையும் திரும்பப் பெறும் சிறு குறிப்புதான் குக்கீ. தளம் செய்பவர்கள் அதில் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். பாஸ்வேர்டைக் குக்கீயில் வைக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

டொமைனை எழுதுவது

குக்கீயை வைக்கும்போது டொமைன் (தளத்தின் முகவரி) எழுதினால் குக்கீ அந்த முகவரியோடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எழுதாமல் விட்டால்தான் அது வைத்த முகவரிக்கு மட்டும் திரும்பிப் போகும். எழுதினால் சப்டொமைன் (அதே முகவரிக்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்ந்தது) அத்தனைக்கும் போகும்.

ஒரு துணிக்கடைக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். சோதனைத் தளம் அதன் சப்டொமைனில் ஓடியது. அங்கே செஷன் குக்கீக்கு (உள்ளே வந்தவர் யார் என்று காட்டுவது) கடையின் முதன்மை டொமைனையே எழுதிவைத்தேன். இரண்டு தளத்திலும் குக்கீயின் பெயர் ஒன்றேதான். முதலாளி தினமும் காலையில் சோதனைத் தளத்தைப் பார்த்துவிட்டு அசல் தளத்துக்கு வருவார். உடனே போன்: "தம்பி, உள்ளயே விட மாட்டேங்குது." வாடிக்கையாளர் ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. எனக்கு இன்காக்னிட்டோவில் அழகாகத் திறந்தது. குக்கீயை அழிக்கச் சொல்வேன், சரியாகும். மறுநாள் காலை மறுபடி போன். இப்படியே இரண்டு வாரம்.

பிரவுசர் சர்வருக்கு அனுப்புவது பெயரும் மதிப்பும் மட்டும்தான். எந்த டொமைனின் குக்கீ என்று சொல்லாது. ஒரே பெயரில் இரண்டு போனால், பாத் (தளத்தின் எந்தப் பகுதிக்கு என்பது) சமமாக இருக்கும்போது முதலில் உண்டானது முன்னால் நிற்கும். சர்வரில் ஓடும் பிஹெச்பி மொழி முதலாவதை எடுத்துக்கொள்ளும். அது சோதனைத் தளத்துடையது. அசல் தளத்துக்கு அந்தச் செஷன் யாரென்றே தெரியாது, லாகின் பக்கத்துக்குத் துரத்திவிடும். லாக்அவுட்டும் உதவவில்லை. அழிக்கும்போது பெயர், டொமைன், பாத் மூன்றும் பொருந்த வேண்டும். அசல் தளத்தின் லாக்அவுட் கோடில் டொமைன் இல்லை, அதனால் தன் குக்கீயை மட்டும் அழித்தது.

இப்போதெல்லாம் லாகின் குக்கீயின் பெயரை இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட், ஒரு சிறுகோடு (__Host-) என்றே தொடங்குகிறேன். அப்படிப் பெயர் வைத்தால் டொமைன் எழுதிய குக்கீயைப் பிரவுசரே ஏற்காது. செக்யூர் கொடியும் (ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு என்பது), பாத்தில் வெறும் சாய்கோடும் கட்டாயம்.

சேம்சைட்டை எழுதாமல் விடுவது

வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்வது சேம்சைட். 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்ததிலிருந்து, எழுதாவிட்டால் லாக்ஸ் (லிங்க்கைத் தட்டி வந்தால் போகும், போஸ்ட்டில் வந்தால் போகாது) என்று எடுத்துக்கொள்ளும். பேமென்ட் தளத்தில் பணம் கட்டி முடிந்து போஸ்ட் முறையில் (படிவத்தை அனுப்புவதுபோல) உங்கள் தளத்துக்குத் திரும்பும்போது லாகின் குக்கீ உடன் வராது. பணம் கட்டியவர் வெளியே நிற்பார். இதில் ஒரு குறும்பு: புதிதாக வைத்த குக்கீக்கு குரோம் இரண்டு நிமிடம் சலுகை கொடுத்தது. நீங்கள் லாகின் செய்த கையோடு சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். பத்து நிமிடம் புடவை பார்த்துவிட்டு வாங்குபவர்தான் மாட்டுவார்.

செஷன் குக்கீ (காலாவதி எழுதாதது) பிரவுசரை மூடினால் போய்விடும் என்று நம்புவது

எப்போதும் போய்விடாது. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லி குரோமில் வைத்திருந்தால் அதுவும் திரும்பி வரும். காலாவதியைச் சர்வரில் வையுங்கள்.

ஹெச்டிடிபிஒன்லி (ஜாவாஸ்கிரிப்ட் குக்கீயைப் படிக்காமல் தடுப்பது) போடாதது

போடுங்கள்.

மூன்றாம் தரப்பு குக்கீயை நம்புவது

பார்க்கும் தளம் அல்லாமல் வேறு தளம் வைக்கும் குக்கீக்கு சஃபாரி 2020 மார்ச்சிலேயே முழுதாகக் கதவைச் சாத்திவிட்டது.