அலுவலகப் பார்க்கிங்கில் ஃபைன் சீட்டு ஒட்டினால் என்ன செய்வது

போன ஐப்பசி மழையில் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்கும் கட்டடம், பெயர் வேண்டாம். காலையில் வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன், "கீழ இறங்காதீங்க தம்பி, மேல விசிட்டர் வரிசையில போட்டுட்டுப் போங்க" என்று கையைக் காட்டினார், நானும் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன். சாயங்காலம் 7 மணிக்கு வந்து பார்த்தால் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு, பாதி நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனுமதியில்லாத இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் 500 ரூபாய், 48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் 1000 ரூபாய். வண்டி எண்ணில் டி.என். 58 என்று இருக்க வேண்டிய இடத்தில் 59 என்று எழுதியிருந்தார்கள். கீழே பணம் அனுப்ப ஒரு க்யூ.ஆர். கோடு. எந்த நிறுவனம் கொடுத்தது, முகவரி என்ன, யாரிடம் போய்க் கேட்பது, எதுவுமே இல்லை.

நான் பணம் கட்டவில்லை. மூன்று வாரம் இழுத்தது, கடைசியில் ரத்து செய்தார்கள். அதற்கப்புறம் பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து "எப்படிச் செய்தீர்கள்" என்று கேட்கிறார்கள், அதனால் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். அபராதம் போடும் அதிகாரம் சட்டம் யாருக்குக் கொடுத்திருக்கிறதோ அவர்களுக்குத்தான் உண்டு. சாலையில் நோ பார்க்கிங்கில் நிறுத்தினால் போக்குவரத்து போலீஸ் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சலான் போடுவார்கள், அதன் 177ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 500 ரூபாய், மறுபடியும் என்றால் 1500 ரூபாய் வரை. அந்த மாதிரி சலான் என்றால் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் வந்து நிற்கும். வரவில்லை, சீட்டிலும் காவல்துறை என்று எதுவும் இல்லை என்றால் அது அநேகமாகத் தனியார் சீட்டு. (சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) அனுப்புகிறார்கள், அதைத் தொடவே தொடாதீர்கள், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும்.)

தனியார் பார்க்கிங் காண்ட்ராக்டர் ஒட்டுகிற சீட்டில் "அபராதம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், அது "நீ எனக்குப் பணம் தர வேண்டும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்பது, அவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் என்றால் நிபந்தனை நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், வாசலில் கண்ணில் படுகிற மாதிரி போர்டு இருந்திருக்க வேண்டும், இல்லை பாஸ் வாங்கும்போது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் போர்டு இருந்தது, ஜெனரேட்டருக்குப் பின்னால், ஆங்கிலத்தில் மட்டும், கிட்டத்தில் போய்க் குனிந்தால்தான் படிக்க முடியும்.

சரி, ஒப்பந்தம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் போட்ட தொகை அப்படியே அவர்களுக்கு வந்துவிடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவைத்திருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டும்தான் கேட்க முடியும் என்கிறது. உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபதே சந்த் வழக்கில் தொடங்கி 2015இல் கைலாஷ்நாத் வழக்கு வரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எங்கள் கட்டடத்தில் வெளியாள் பைக்குக்கு ஒரு நாள் கட்டணம் 20 ரூபாய். நான் வரிசை மாறி ஒரு நாள் நிறுத்தியதால் அவர்களுக்குப் போனது மிஞ்சிப்போனால் அந்த 20 ரூபாய். 500 என்பது 25 நாள் கட்டணம். இந்தக் கணக்கைத்தான் கடிதத்தில் அப்படியே எழுதினேன்.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் வருவதில் நிறைய இங்கிலாந்து ஆலோசனை. எங்கள் டீம் தம்பி ஒருவன் அங்கிருந்து ஒரு மாதிரிக் கடிதத்தை அப்படியே எடுத்து அனுப்பி, பாப்லாவில் முறையிடுவேன் என்று எழுதியிருந்தான். பாப்லா என்பது அந்த ஊர்த் தனியார் பார்க்கிங் முறையீடுகளை விசாரிக்கிற அமைப்பு, 2012இல் அவர்கள் போட்ட சட்டத்தை ஒட்டி வந்தது, இங்கே அப்படி ஒன்று கிடையாது. அதோடு அங்கே உச்ச நீதிமன்றமே 2015இல் 85 பவுண்டு தனியார் கட்டணம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைக் கொண்டுவந்து நம் காண்ட்ராக்டரிடம் நீட்டினால் நமக்கு எதிராகவே திரும்பும். நம் சட்டத்தை வைத்தே பேசுங்கள்.

இப்போது சீட்டைப் பார்த்த அந்த நிமிஷத்துக்கு வருவோம். கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். செக்யூரிட்டியிடம் சத்தம் போடாதீர்கள். எனக்கு இடம் காட்டிய அண்ணன் மேலூர்ப் பக்கத்துக்காரர், 12 மணி நேர ஷிப்ட், "மேல இருந்து ஒட்டச் சொன்னாக, ஒட்டினோம் தம்பி, நீங்க என்ன செய்வீங்களோ செஞ்சுக்கங்க, நான் நடந்ததைச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பிற்பாடு பெரிய உதவியாக இருந்தது. அவரிடம் எகிறியிருந்தால் அது கிடைத்திருக்காது.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் போட்டோ. சீட்டு ஒட்டியபடி ஒன்று, நம்பர் பிளேட்டோடு ஒன்று, வண்டி நிற்கும் இடத்தில் தரையில் கோடு இருக்கிறதா என்று தெரிகிற மாதிரி ஒன்று, அப்புறம் வாசலுக்குப் போய் உள்ளே நுழைகிற ஒருவர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை அந்த உயரத்திலிருந்தே எடுங்கள். பேஸ்மென்ட்டில் தண்ணீர் நிற்பதையும் எடுத்தேன். போர்டு எங்கே மறைந்திருக்கிறது என்பதை ஒரு சின்ன வீடியோவாக, வாசலில் தொடங்கி நிறுத்தாமல் நடந்துகொண்டே எடுத்தால் இன்னும் நல்லது. ஒரிஜினல் ஃபைலை போனிலிருந்து அழிக்க வேண்டாம். சி.சி.டி.வி. பதிவு கொஞ்ச நாளில் அழிந்துவிடும் என்பதால், அதைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லி அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

சீட்டோடு வீல் லாக்கும் போட்டிருந்தால் விஷயமே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவில், பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிக்கும் தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டிக்கும் பூட்டுப் போடச் சொல்லும் அதிகாரம் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. காண்ட்ராக்டரின் ஆளுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. ஆனாலும் நீங்களே பூட்டை உடைக்கப் போகாதீர்கள், அவர்கள் சொத்தைச் சேதப்படுத்தினீர்கள் என்று கதை மாறிவிடும். 100க்கோ 112க்கோ கூப்பிட்டுச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ஆஸ்பத்திரி, ரயில் என்று அவசரம் இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம், தப்பில்லை, யு.பி.ஐ.யில் குறிப்பு எழுதும் இடத்தில் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து நிறையப் பேர் தவறவிடுகிற இடம். அலுவலகப் பார்க்கிங்கில் நீங்கள் தனியாள் கிடையாது. கட்டட உரிமையாளர் ஒருவர், அவர் வைத்த காண்ட்ராக்டர் ஒருவர், வாடகைக்கு இருக்கும் உங்கள் கம்பெனி ஒன்று. உங்களுக்கு அங்கே வண்டி நிறுத்தும் உரிமை பெரும்பாலும் கம்பெனியின் வாடகை ஒப்பந்தத்தில் இருந்துதான் வருகிறது. அதனால் காண்ட்ராக்டருக்கு எழுதும் முன் அட்மினிடம் போய், நம் ஒப்பந்தத்தில் பார்க்கிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எங்களுடையதில் 30 இருசக்கர வாகனங்களுக்கு இடம் என்று இருந்தது, எந்த வரிசை என்று சொல்லவே இல்லை, அபராதம் என்ற சொல்லும் இல்லை. அட்மின் அக்கா அந்த ஒரு பத்தியை மட்டும் மெயிலில் அனுப்பினார், பாதி வேலை அங்கேயே முடிந்தது.

காண்ட்ராக்டர் யாரென்றே தெரியாவிட்டால், பார்க்கிங் கட்டண ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அதைப் போட்டுத் தேடினால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும் முகவரியும் வந்துவிடும். கடிதம் அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, என் இருசக்கர வாகனத்தின் மேல் தங்கள் ஊழியர்கள் ஒட்டிய சீட்டு தொடர்பாக எழுதுகிறேன். சீட்டில் உள்ள பதிவு எண் என் வாகனத்தின் எண் அல்ல. அன்று பேஸ்மென்ட்டில் நீர் தேங்கியிருந்ததால் தங்கள் காவலர் காட்டிய இடத்தில்தான் நிறுத்தினேன், புகைப்படங்கள் இணைப்பில் உள்ளன. எந்த ஒப்பந்தத்தின்படி இத்தொகை கேட்கப்படுகிறது, அதில் என் கையெழுத்து உள்ளதா, தங்களுக்கு ஏற்பட்ட இழப்பு எவ்வளவு, அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். அன்றைய நாளின் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும். இத்தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, சீட்டை ரத்து செய்து பதில் தரவும்."

இதை மெயிலில் அனுப்பிவிட்டு, தல்லாகுளம் தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொண்டேன். கட்டட உரிமையாளருக்கு ஒரு நகல், நம் அட்மினுக்கு ஒரு நகல். போனில் பேசித் தீர்க்கலாம் என்று அவர்கள் கூப்பிடுவார்கள், எனக்கு இரண்டு முறை வந்தது, இரண்டாவது தடவை "200 கொடுங்க முடிச்சுக்கலாம்" என்றார்கள். "எழுதி அனுப்புங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

சில இடங்களில் காண்ட்ராக்டர் நேரே ஹெச்.ஆருக்குச் சொல்லி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருப்பார்கள். இதை விடவே கூடாது. சம்பளத்தில் அபராதம் பிடிப்பதற்கு முன்பிருந்த 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, கட்டுப்பாடு உண்டு: எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு அறிவிப்பு வைத்திருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், மொத்தத்தில் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாம் ஆளான பார்க்கிங்காரர் கேட்டார் என்பதற்காகப் பிடிக்க இதில் வழியில்லை. ஹெச்.ஆருக்கு இரண்டே வரி மெயில் போதும்: "நான் இதற்குச் சம்மதம் தரவில்லை, பிடித்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று தெரிவிக்கவும்." ஒப்பந்த ஊழியராக இருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கேட்கவே பயப்படுகிறார்கள், அவர்களுக்காக நிரந்தர ஊழியர் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மிரட்டல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கிற சிபிலில் ஏற்றிவிடுவோம் என்பார்கள். அங்கே விவரம் தருவது வங்கி மாதிரிக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள், பார்க்கிங் காண்ட்ராக்டர் அதில் வரமாட்டார். ஆர்.டி.ஓ.வில் வண்டியை பிளாக் செய்வோம் என்பதும் தனியார் கையில் இல்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போவோம் என்பதை மட்டும் சும்மா சிரித்துத் தள்ள வேண்டாம், போக அவர்களுக்கு உரிமை உண்டு, ஒப்பந்தப் பாக்கி என்றால் மூன்று வருஷம் வரை அவகாசமும் உண்டு. 500 ரூபாய்க்கு யாரும் பெரும்பாலும் போக மாட்டார்கள், ஒருவேளை சம்மன் வந்தால் கண்டிப்பாக ஆஜராகுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

கடிதத்துக்குப் பதிலே இல்லை, அல்லது ஏற்கெனவே பணத்தைக் கட்டிவிட்டீர்கள் என்றால் நுகர்வோர் வழி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்திலேயே மனுப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ போடலாம், ஆகவே காண்ட்ராக்டர் கோயம்புத்தூர்க்காரராக இருந்தாலும் மதுரையில் போட்டால் போதும். ஒரு சிக்கல் உண்டு: பணம் கொடுத்து வாங்கிய சேவை என்று காட்ட வேண்டும். மாதப் பாஸுக்கு நீங்களே கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. இலவசப் பாஸ் என்றால், கம்பெனி கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் பார்க்கிங்கும் அடக்கம், அதன் பயனாளி நான் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்கும் அந்த வாடகை ஒப்பந்தப் பத்திதான் கை கொடுக்கும்.

உண்மையிலேயே நம் மேல் தப்பு இருந்தால்? தீயணைப்பு வண்டி வரும் வழியிலோ, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தின் முன்னாலோ, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்திலோ நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போய் மன்னிப்புக் கேளுங்கள், நியாயமான தொகையைப் பேசிக் கட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வரும் ஒரு அக்கா, இடத்தை யாரோ அடைத்துவிட்டதால் மழையில் அரை மணி நேரம் வாசலிலேயே காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பதில் 19ஆம் நாள் வந்தது, "தங்கள் வாகனம் தொடர்பான சீட்டு ரத்து செய்யப்படுகிறது" என்று ஒரே வரி. சீட்டின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். நீங்களும் அப்படியே வாங்குங்கள், ஏனென்றால் வாய்வார்த்தையாக ரத்து என்று சொல்லி அனுப்பப்பட்ட மூன்றாம் மாடி நண்பருக்கு, ஜனவரியில் பாஸ் புதுப்பிக்கப் போனபோது கம்ப்யூட்டரில் பழைய 500 அப்படியே பாக்கியாக நின்றது.